ஒரே ஐபிக்கு இரண்டு பேர்: வீட்டு நெட்வொர்க் கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, லேப்டாப்பில் 'ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்' என்று மெசேஜ் வருகிறது. நெட் பத்து நிமிடம் வரும், அப்புறம் நின்றுவிடும். வைரஸா?

வைரஸ் இல்லை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் முகவரிதான் ஐபி எண். உங்கள் வீட்டில் இரண்டு கருவிகள் ஒரே ஐபி எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் ஊர்த் தெருவில் நின்று 'இசக்கி' என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான். 'யார் 192.168.1.5?' என்று ரௌட்டர் கேட்கும்போது இரண்டும் 'நான்தான்' என்கின்றன. பெரும்பாலும் கடைசியாகக் குரல் கொடுத்ததற்கே டேட்டா போகும். அதனால்தான் உங்களுக்கு விட்டு விட்டு வருகிறது.

எந்த செட்டிங்கையும் மாற்றாமல், முதலில் அந்த இன்னொரு ஆளைப் பிடியுங்கள். லேப்டாப் ஒழுங்காக ஓடும் நேரத்தில் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அந்த எண்ணுக்குப் 'பிங்' கொடுங்கள், அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பாருங்கள். அணைத்த பிறகும் பதில் வந்தால் அது வேறு கருவி. பிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் பிரிண்டர், டிவி, கேமரா பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் தேடினேன். மாடிப்படிக்குக் கீழே, ஒட்டடைக்குள் இருந்த கேமரா டிவிஆரின் (பதிவுப் பெட்டி) கேபிளை உருவியதும் திரையில் பதில் நின்றது. திரும்பச் செருகினேன், பதில் வந்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

சில கருவிகள் பிங்குக்கு வாய் திறக்காது. அப்போது, எந்த எண் எந்தக் கருவியிடம் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் 'ஆர்ப்' பட்டியலைப் பாருங்கள். அந்த எண்ணுக்கு நேரே மேக் முகவரி, அதாவது கருவியின் சொந்த அடையாள எண், இருக்கும். அதன் முதல் 6 எழுத்துகளைக் கொண்டு எந்தக் கம்பெனிக் கருவி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: எங்களுடையது பழைய நீள வீடு. ரேழியில் மோடம், பின்கட்டில் அப்பள வியாபாரம். சுவர் தடிமன், வைஃபை எட்டவில்லை. பழைய ரௌட்டர் ஒன்றைக் கேபிள் இழுத்துப் பின்னால் வைத்தேன். அன்றிலிருந்து பில் பிரிண்டர் படுத்துகிறது.

கேபிள் இழுத்தது நல்ல யோசனை, அதை மாற்ற வேண்டாம். சிக்கல், ஒரு வீட்டில் இரண்டு பேர் எண் வழங்குவதுதான். அந்த வேலைக்குப் பெயர் டிஹெச்சிபி. முன்னால் இருப்பது பிரிண்டருக்குக் கொடுத்த எண்ணையே, அது தெரியாமல் பின்னால் இருப்பது யாரோ ஒருவர் செல்போனுக்குக் கொடுக்கிறது. இரண்டாவது ரௌட்டரில் டிஹெச்சிபியை அணையுங்கள். மோடத்தின் எண் 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 கொடுங்கள். மோடம் வழங்கும் எண் வரிசைக்குள் அந்த 2 வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளை வெளி நெட்டுக்கான 'வான்' போர்ட்டில் அல்ல, வீட்டுக் கருவிகளுக்கான 'லேன்' போர்ட்டில் செருகுங்கள். 'ஆக்சஸ் பாயின்ட்' மோடு இருக்கிற ரௌட்டரானால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

வள்ளியூரிலிருந்து: ஆடிக் காற்றில் கரண்ட் போய் வந்தாலே கேமரா செல்போனில் தெரிவதில்லை. கேமரா இன்வெர்ட்டரில் ஓடுகிறது, ரௌட்டர் நேர்க் கரண்டில்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரண்ட் போனதும் ரௌட்டர் செத்துப் பிழைக்கிறது. யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கைச் சில ரௌட்டர்கள் அதோடு மறந்துவிடும். கேமராவோ அணையாமல் பழைய எண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்த ரௌட்டர் அதே எண்ணை முதலில் கேட்கும் போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வையுங்கள். அத்தோடு ரௌட்டருக்குள் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் கேமராவின் மேக் முகவரியைப் பதிந்து ஒரு எண்ணை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

கேமரா மாட்டியவர் எண்ணைக் கையால் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் இதே தொல்லைதான் வரும். அப்படியானால் ரௌட்டர் வழங்கும் எண்களின் கடைசிப் பகுதியை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, கையால் போடுவதை அதற்கு வெளியே வையுங்கள். ஒரே கம்பெனி ஐபி கேமரா இரண்டைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டினாலும் மோதும். டாஹுவா என்றால் 192.168.1.108, ஹிக்விஷன் என்றால் 192.168.1.64 என்று ஆலையிலேயே ஒரே எண் போட்டு வருவதுண்டு. ஒவ்வொன்றாக மாட்டி எண்ணை மாற்றுங்கள்.

தென்காசியிலிருந்து: பக்கத்து வீட்டிலும் 192.168.1.5 இருக்கிறது. மோதாதா?

மோதாது. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் எண். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் அப்படித்தான் ஒதுக்கியது. இரண்டு வீட்டு நெட்வொர்க்கும் கேபிளால் இணையாதவரை கவலை வேண்டாம்.

சேரன்மகாதேவியிலிருந்து: என் எண் 169.254 என்று தொடங்குகிறது.

ரௌட்டரிடமிருந்து எண் கிடைக்காததால் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்ட எண் அது. முதலில் கேபிளையும் டிஹெச்சிபி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: நெட் ஆள் வந்து ரீசெட் பண்ணிவிட்டுப் போகிறார். இரண்டு நாளில் பழைய கதை.

கையால் போட்ட எண்ணைப் பிடித்து வைத்திருக்கும் கருவி அப்படியே இருக்கும்போது ரௌட்டரை ரீசெட் செய்து என்ன பயன்? மேலே சொன்னபடி அந்தக் கருவியைத் தேடிப் பிடியுங்கள். அதோடு, ரீசெட்டில் நெட் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டும் பல மோடங்களில் அழிந்துவிடும். அடுத்த முறை அவர் வரும்போது அந்த இரண்டையும் கேட்டு வாங்கி, வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்த பிறகே அந்தப் பட்டனில் கை வைக்க விடுங்கள்.