பேத்தை மீன் கிடக்கிற கரையில் நாயோடு நடை: கேள்வி பதில்

மண்டபம் பக்கம் நாலு வீட்டு நாய்களைக் கூலிக்கு வாக்கிங் கூட்டிப் போகிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

உச்சிப்புளி அக்கா: காலை எட்டு மணிக்குத்தான் எனக்கு நேரம். போகலாமா?

சித்திரை, வைகாசியில் வேண்டாம் அக்கா. புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்கவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். ஐந்தரைக்கே கிளம்புங்கள்.

பாம்பன் அண்ணன்: கரையில் கிடக்கும் மீனை லபக்கென்று கவ்வுகிறது, என்ன செய்ய?

இதுதான் முக்கியமான கேள்வி. வலை உதறும் இடத்தில் வேண்டாத மீனோடு, உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை என்ற விஷ மீனும் கிடக்கும். அதன் விஷம் காய்ந்தாலும் போகாது, வேக வைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய் வாந்தி எடுக்கும், எச்சில் வடிக்கும், கால் தள்ளாடும், கடைசியில் மூச்சே நின்றுவிடும். தின்றதைப் பார்த்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த இடத்தில் நான் கயிற்றை ஒரு முழத்துக்குமேல் விடுவதில்லை.

தேவிபட்டினம் தம்பி: சிப்பிப்பாறையை அவிழ்த்துவிடலாமா?

வேட்டைக்கு வளர்த்த சாதி தம்பி அது. கருவேலங்காட்டில் ஒரு முயல் ஓடினால் போதும், உன் குரல் அதன் காதில் ஏறாது. தலையும் ஒடுக்கம் என்பதால் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு போய்விடும். மார்புப்பட்டையும் நீளக் கயிறும் வாங்கு.

தொண்டியிலிருந்து ஒருவர்: தொழிலாக எடுத்தால் கட்டுப்படியாகுமா?

இதை மட்டும் நம்பினால் ஆகாது, நம் ஊர் சென்னை இல்லை. நாய்க்கு மாதம் 1,500 வாங்குகிறேன், ஒரு நடைக்கு இரண்டுக்குமேல் பிடிப்பதில்லை, மீதி நாளெல்லாம் வேறு பிழைப்புத்தான். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் எடுக்காதீர்கள். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாதீர்கள், பெரியவர்கள் சொன்னாலும் சரி.

கீழக்கரை தங்கச்சி: கடலில் குளிக்க விடலாமா?

அலை அடங்கியிருந்தால் விடலாம். ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பொங்கும்போது எங்களுக்கு வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும், கார்த்திகையில் அப்படியே தலைகீழ். உங்களுக்குத் தென்கடல் மட்டும்தானே, ஆடியில் கடலில் இறக்க வேண்டாம். கடல் தண்ணீரைக் குடித்தால் கழியும், குடிதண்ணீர் கொண்டு போங்கள். உப்பு காய்ந்தால் சொறிந்தே புண்ணாக்கிக்கொள்ளும். நல்ல தண்ணீருக்கு நாம் படும் பாடு தெரியும், ஆனாலும் அலசிவிட ஒரு குடம் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.