டாப்ளர் சென்சார் தாறுமாறாக வேகம் காட்டினால் அது கெட்டுவிட்டதா?

கேள்வி: ஊத்துக்கோட்டை பக்கம் கண்டலேறு–பூண்டி கால்வாயில் தண்ணீர் சீராக ஓடுகிறது. நீரோட்டத்தின் வேகத்தை ஒலியால் அளக்கும் டாப்ளர் சென்சாரோ தாறுமாறாக வேகம் காட்டுகிறது. கழற்றி அனுப்பிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்தச் சென்சார் நேராக அளப்பது தண்ணீரை அல்ல, அதோடு மிதந்து வரும் வண்டல் துகள்களை. காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகிறது. துகளில் பட்டு எதிரொலி திரும்புகிறது. துகள் சென்சாரை நோக்கி வந்தால் எதிரொலியின் சுருதி கூடும், விலகினால் குறையும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வேகக் கணக்கு. ஓட்டுக்கூரை இடுக்கில் விழும் வெயில், தூசி பறந்தால்தானே கோடாகத் தெரியும்? அதே கதைதான்.

அதனால் முதலில் எதிரொலியின் பலத்தைப் பாருங்கள். சென்சாரின் ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஒரு ஒலிக் கற்றை கிளம்பும். ஒரு கற்றையில் மட்டும் பலம் குறைந்தால், பெரும்பாலும் அது கிளம்பும் முகத்தில் பாசியோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கும். மெல்லிய துணியால் துடையுங்கள்; கத்தி வைத்துச் சுரண்டிவிடாதீர்கள். எல்லாக் கற்றைகளிலும் குறைந்தால், பெரிய டிரம்மில் நீர் நிரப்பிச் சென்சாரை அமிழ்த்தி, ஒரு பிடி வண்டலைக் கலக்குங்கள். பலம் ஏறினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. ஏறவே இல்லையா, கேபிளையும் மின்சப்ளையையும் பாருங்கள். அப்புறம் வெப்பநிலை: 20 டிகிரி நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும், சூடு ஏறினால் இன்னும் வேகம். வெப்பநிலை அளவு தப்பினால் வேகக் கணக்கும் தப்பும்.

தெளிந்த நீரில்தான் இது நன்றாக அளக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் கொஞ்சம் கலங்கல் இருந்தால்தான் இதற்கு வேலை ஓடும்.