சைக்கிள் கம்பெனி சொன்ன புத்தி

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். வயது 43. சனிக்கிழமை காலைகளில் ஒரு குழுவோடு சைக்கிள் ஓட்டுகிறேன். எல்லாரிடமும் கார்பன் சைக்கிள், இறுக்கமான ஜெர்ஸி, என்னிடமும்தான். ரிவென்டெல் கம்பெனியின் எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வேகம், போட்டி எல்லாமே வீண் என்று தோன்றுகிறது. குழுவையே பிடிக்காமல் போய்விட்டது. அவர்களுடைய சைக்கிளை வாங்கத் துடிக்கிறேன். கணவரோ, "சைக்கிள் விற்கிறவன் உனக்குப் புத்தி சொல்கிறானா?" என்கிறார். நான் மாறிவிட்டேனா, மயங்கிவிட்டேனா?

பதில்: ஆமாம் சகோதரி, சைக்கிள் விற்கிறவர்தான் உங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். அதனாலேயே அது கெட்ட புத்தி ஆகிவிடாது.

பிரிட்ஜ்ஸ்டோன் தன் அமெரிக்க சைக்கிள் பிரிவை 1994-ல் மூடியது. அங்கே வேலை பார்த்த கிராண்ட் பீட்டர்சன் அதே வருஷம் தொடங்கியதுதான் ரிவென்டெல். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், வால்நட் கிரீக்கில் இருக்கிறது. சின்னக் கம்பெனி; எழுதி எழுதியே ஆள் சேர்த்தது. பந்தய வீரரைப் பார்த்து உடுத்த வேண்டாம், சாதாரணச் செருப்போடு மிதிக்கலாம், ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், டயர் அகலமாக இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதையெல்லாம் மாதக்கணக்கில் படிக்கிறவர், சைக்கிளை வாங்கும் முன்பே ரிவென்டெல்காரர் ஆகிவிடுகிறார். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

உங்கள் குழுவினருக்கும் இதேதான் நடந்திருக்கும், வேறு கடையில். 2004-ல் லண்டனில் சைமன் மாட்ரம் தொடங்கிய ராஃபா என்ற சைக்கிள் உடை கம்பெனி, ஜெர்ஸியோடு சேர்த்துப் பழைய பந்தயங்களின் கதையையும் விற்றது. மூச்சு முட்ட மலையேறுவதில் ஒரு அழகு இருக்கிறது என்று பலரை நம்ப வைத்தது. அதிலும் உண்மை இருக்கிறது. ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது 'குழுவையே பிடிக்கவில்லை' என்ற வரிதான். ஒரு கம்பெனியின் பேச்சைக் கேட்டு, நம்மோடு சேர்ந்து ஓட்டுகிறவர்களை அற்பமாக நினைக்க ஆரம்பித்தால், நாம் வாங்குவது வெறும் கர்வம்.

சரி, என்ன செய்யலாம்? கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். இப்போதைய சைக்கிளிலேயே ஆரம்பியுங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். ஹேண்டில்பார் கொஞ்சம் உயரும், உள்ளங்கையில் விழும் பாரம் குறையும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கார்பன் என்றால் கடையில் கொடுத்துச் செய்யுங்கள், அளவுக்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும். ஷூவோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலைக் கழற்றித் தட்டைப் பெடல் போடுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும், பார்த்துத் திருகுங்கள். ஃபிரேமில் இடம் இருக்கும் அளவுக்கு அகல டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் ஓடிய பந்தய வீரர்களே இன்று 28-க்கும் மேலே வந்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் பீட்டர்சன் பக்கம்தான் நியாயம்.

அப்புறம், அவருடைய யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. சாயங்காலம் கிளம்பி, எங்காவது கூடாரம் போட்டுத் தூங்கி, 24 மணி நேரத்துக்குள் வீடு திரும்புவது. லிவர்மோருக்குத் தெற்கே டெல் வாலே ஏரியில் முகாம் இடம் உண்டு. ஒரு முறை போய் வாருங்கள், முடிந்தால் கணவரோடு. அந்த ராத்திரி பிடித்திருந்தால், அந்த ஆசை உங்களுடையது.

இதெல்லாம் செய்து சில மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் தாராளமாக வாங்குங்கள். குழாய்கள் சேரும் இடத்தில் வளைவு நெளிவாக இருக்கும் அந்த இணைப்புகளின் அழகுக்காக வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் ரிவென்டெல் சைக்கிள் எஃகு, கனம். ஏற்றத்தில் குழுவுக்குப் பின்னால்தான் வருவீர்கள். 'உச்சியில் சந்திக்கலாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாங்கும் முன் வால்நட் கிரீக்குக்குக் கேட்டு எழுதி, நேரில் ஓட்டிப் பாருங்கள். வெறுங்காலோடு நின்று தரையிலிருந்து கவட்டை வரை காலின் உள்பக்க உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். ஃபிரேம் அளவை அதை வைத்துத்தான் சொல்வார்கள்.