நுண்கடன் கொடுக்கும் தொண்டு அமைப்புக்கு நன்கொடை கொடுக்கலாமா? கிராமத்தில் வறுமை குறையுமா?

கேட்டவர் கொழும்பில் வேலை பார்ப்பவர். வன்னியில் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் ஒரு அமைப்பு அவரிடம் மாதம் 5,000 ரூபாய் கேட்கிறதாம். கொடுத்த கடனில் 98 சதவீதம் திரும்பி வருகிறது என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்களாம். நம்பிக் கொடுக்கலாமா என்கிறார்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், தொழில் கணக்காய்வு. இப்படியான ஒரு சின்ன அமைப்புக்கு மூன்று வருடம் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் கணக்கு எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கும் அதே 98 சதவீதம்தான், அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. கணக்குக்காரிக்கு வரவேண்டிய காசு வந்துவிட்டால் போதும், எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்!

ஒரு தடவை முல்லைத்தீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். கச்சான் (நிலக்கடலை) பயிர் போடுகிறவர். எங்கள் கடன் கொப்பியைக் காட்டச் சொன்னேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்து திறந்தார். உள்ளே நாலு கொப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற உறை. "இது திங்களுக்கு, இது புதனுக்கு, இது வெள்ளிக்கு. உங்கடை கொப்பி வியாழன் பிள்ளை" என்றார். அடியில் அடகுக் கடைத் துண்டு ஒன்றும் கிடந்தது.

கச்சான் விதைத்துக் காசைக் கண்ணால் காண மூன்றரை, நாலு மாதம் ஆகும். ஆனால் கடன் எடுத்த அடுத்த கிழமையே முதல் கட்டுக்காசு கட்ட வேண்டும். விதை மண்ணுக்குள் இருக்கும்போது கட்டுக்காசு எங்கிருந்து வரும்? திங்கள் கம்பனியின் காசில் புதன் கம்பனிக்கு, அந்தக் காசில் எங்களுக்கு. எங்கள் 98 சதவீதத்தில் அந்த அம்மாவும் ஒழுங்காகக் கட்டுகிறவர் என்றே பதிவாகியிருந்தார். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணி எனக்கு இறங்கவில்லை.

குழு முறை இன்னொரு பக்கம். ஐந்து பேர் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். பங்களாதேஷின் கிராமீன் வங்கி உலகம் முழுக்கப் பரப்பிய வழி இது. அந்த வங்கிக்கும் அதைத் தொடங்கிய முகம்மது யூனுஸுக்கும் 2006இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. பிணை வைக்க ஒன்றுமில்லாத பெண்ணுக்குப் பக்கத்து வீட்டாளே பிணை என்பது நல்ல யோசனைதான். கட்ட முடியாத கிழமை அந்தப் பக்கத்து வீட்டாளே வாசலில் வந்து நிற்கிறாள் என்பதுதான் சிக்கல்.

வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். 50,000 ரூபாய், 24 சதவீதம், 52 கிழமை என்பார்கள். மொத்தம் 62,000, கிழமைக்குக் கிட்டத்தட்ட 1,192 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிழமையும் நிலுவைக் கடன் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 50,000க்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு 44 சதவீதத்தை நெருங்கும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று கையில் கொடுக்கும்போதே கழித்தால் இன்னும் கூடும்.

2018இல் இலங்கை வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இந்த வட்டியையும், கடன் அறவிட வருபவர்கள் பெண்களைப் படுத்தும் பாட்டையும் தன் அறிக்கையில் எழுதினார். அதே வருடம் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கி தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு போட்டது. அதோடு முடியவில்லை. 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் பெண்கள் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இது தமிழ் ஊர், சிங்கள ஊர் பார்க்கிற விசயமில்லை.

சரி, வறுமை குறையுமா? இந்தியா, மொங்கோலியா, மொரோக்கோ, எத்தியோப்பியா, மெக்சிக்கோ, பொஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சிலருக்கு ஏற்கெனவே இருந்த கடை கொஞ்சம் பெருத்தது, செலவைச் சமாளிக்க வசதி கிடைத்தது. ஆனால் குடும்ப வருமானம் சொல்லும்படி உயரவில்லை. அதே 2015இல் இன்னொரு ஆறு நாட்டு ஆய்வும் வந்தது, பிராக் அமைப்பு பங்களாதேஷில் தொடங்கிய முறையைப் பற்றியது. மிக ஏழைக் குடும்பத்துக்கு ஆடோ மாடோ இலவசமாகவே கொடுத்து, கொஞ்சக் காலம் சாப்பாட்டுச் செலவும் பயிற்சியும் தந்து, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. அதில் முன்னேற்றம் தெரிந்தது, உதவி நின்ற பிறகும் நீடித்தது. ஒன்றுமே இல்லாதவருக்கு முதலில் கடனைக் கொடுப்பது எனக்கு அதற்குப் பிறகு சரியாகப் படவில்லை.

அதற்காகக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அமைப்புக்கு போன் எடுத்து, முதல் கட்டுக்காசு எப்போது என்று கேளுங்கள். அறுவடைக்குப் பிறகு என்றால் நல்ல சகுனம், அடுத்த கிழமை என்றால் யோசியுங்கள். கடன் கொடுக்கும் முன் அந்தப் பெண்ணிடம் வேறு எத்தனை கொப்பி இருக்கிறது என்று பார்க்கிறார்களா? வட்டி குறையும் நிலுவைக்கா, முழுத் தொகைக்கா? வீட்டில் சாவு, வெள்ளம் என்றால் தவணை தள்ளிப் போடுவார்களா? நுண்கடன் அமைப்புகளுக்கான சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா? இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 98 சதவீதத்தையே திரும்பத் திரும்பச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஊரிலுள்ள சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தையும் விசாரியுங்கள். உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பு புரள்வதால் அங்கே அவசரம் குறைவு. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911இலேயே சட்டம் வந்துவிட்டது, யூனுஸ் பிறக்கவே முன்னம்.

எங்கள் அமைப்பு கச்சான் கடனுக்குக் கிழமைத் தவணையை நிறுத்தியது, நிர்வாகக் குழுவில் ஒரு வருடம் சண்டை பிடித்த பிறகு. இப்போது அறுவடைக்குப் பின் இரண்டே தவணை. திருப்பிக் கட்டும் வீதம் 91க்கு இறங்கியது. ஒரு கொடையாளி அதைப் பார்த்துவிட்டு விலகினார். அடுத்த வருடம் போனபோது அந்த அம்மா தானாகவே டின்னை எடுத்து வந்தார். இரண்டு கொப்பி இருந்தது. அடகுத் துண்டு இன்னும் அடியில்தான் கிடந்தது.