கில்ட் தைப்பதற்கான அளவுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பணிபுரிகிறேன். இங்குள்ள நண்பரின் திருமணத்துக்குக் கில்ட் (இங்கு ஆண்கள் உடுத்தும், பின்புறம் மடிப்பு வைத்த பாவாடை போன்ற ஆடை) அணிந்து செல்ல வேண்டியிருக்கிறது. வாடகைக்கு எடுக்காமல் நானே தைத்துக்கொள்ள விரும்புகிறேன். சட்டை தைத்த பழக்கம் உண்டு. என் பேன்ட் அளவு 32. எவ்வளவு துணி வாங்க வேண்டும், பருத்தித் துணி போதுமா, பாக்கெட் வைக்கலாமா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேன்ட் அளவை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பேன்ட் இடுப்பெலும்பை ஒட்டி நிற்பது. கில்ட் அதற்கும் மேலே, ஏறத்தாழத் தொப்புள் மட்டத்தில் கட்டப்படுவது. அந்த இடத்துச் சுற்றளவு, பிட்டத்தின் மிக அகன்ற பகுதியின் சுற்றளவு, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உயரம், இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரையிலான நீளம் ஆகிய நான்கும் வேண்டும். குனிந்தால் அளவு மாறிவிடும் என்பதால், நீங்கள் நிமிர்ந்து நிற்க இன்னொருவர் டேப்பைப் பிடிப்பதே சரி.

பழைய ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாட்டு) மக்கள் நீளமான துணியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொசுவி, மேலே வாரைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு யாருடைய அளவும் தேவைப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடிப்புகளைத் தைத்து நிலைநிறுத்தும் வழக்கம் வந்த பிறகுதான், கில்ட் ஒருவருடைய உடலுக்கென்று தைக்கப்படும் ஆடையாயிற்று. ஆகவே உங்கள் கவனம் முழுவதும் அந்தத் தைத்த மடிப்புகளில் இருக்க வேண்டும் என்பேன்.

கணக்குக்காக இடுப்பு 34 அங்குலம், பிட்டம் 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டையான ஏப்ரன்கள் சுற்றளவில் ஒரு பாதியை மூடும். மறுபாதியான 20 அங்குலத்தை மடிப்புகள் நிரப்பும். வெளியே தெரியும் அகலம் ஓர் அங்குலம் என்றால் 20 மடிப்புகள். மடிப்பின் ஆழம் இரண்டரை அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் 6 அங்குலத் துணியை எடுத்துக்கொள்ளும். ஆக 120 அங்குலம். இரண்டு ஏப்ரன்களுக்கு 40, ஏப்ரன்களின் ஓரத்திலுள்ள ஆழமான மடிப்புகளுக்கு 12, விளிம்புகளுக்கு 8 என்று கூட்டினால் 180 அங்குலம், அதாவது 5 கஜம் வருகிறது. 54 அங்குல அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இணைத்துக்கொண்டால் இரண்டரைக் கஜத்திலேயே முடிந்துவிடும். மரபான கில்ட் இவ்வாறு கணக்கிட்டால் 8 கஜம் வரை போகும். முதல் முயற்சிக்கு அவ்வளவு தேவையில்லை.

இனி மிக நுட்பமான இடம். பிட்டத்தில் 20 அங்குலமாக இருக்கும் பின்பக்கம் இடுப்பில் 17 அங்குலமாகக் குறுக வேண்டும். இந்த 3 அங்குலத்தை 20 மடிப்புகளும் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொன்றும் மேலே போகப் போக ஒரு நூலுக்குச் சற்று அதிகமாக ஒடுங்குகிறது. மடிப்புக்கு அரை நூல், அதாவது 1/16 அங்குலம், தவறினாலும் மொத்தத்தில் ஒன்றேகால் அங்குலம் பிசகிவிடும் என்பதைப் பாருங்கள். எனவே மடிப்புகளை ஓட்டுத் தையலில் நிறுத்தி, உடலில் சுற்றிப் பார்த்த பிறகே உறுதியாகத் தையுங்கள். இத்தையல் பிட்டத்தின் அகன்ற இடத்தோடு நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மடிப்புகள் விரியாமல் இறுகும்.

கட்டம் போட்ட துணி வாங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. கட்டம் 6 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதானால், மேலே சொன்ன 6 அங்குல மடிப்புகள் அனைத்திலும் ஒரே கோடு தெரியும். ராணுவப் படைப்பிரிவுகள் விரும்பிய முறை அது. பின்பக்கத்திலும் கட்டம் முழுமையாகத் தொடர வேண்டுமென்றால் மடிப்புக்கு 7 அங்குலம், அதாவது மொத்தத்தில் 20 அங்குலம் கூடுதலாக வேண்டும். முதல் கில்டுக்கு ராணுவ முறையையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் நடுக்கோடு கோணுவதைக் கண் உடனே பிடித்துவிடும்.

கனமான பருத்தி டிரில் போதும். ஆனால் ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் மடிப்புகள் கலைந்துபோகும். ஆகவே மடிப்பின் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். கீழ் விளிம்பை மடிப்பு எடுப்பதற்கு முன்பே மடித்துத் தைத்துவிடுங்கள். திருமணத்துக்கு அணிவதால், பணம் ஒத்துவந்தால் கஜத்துக்கு 13 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணியை வாங்குமாறு கேட்டுக்கொள்வேன். அது மடிப்பைத் தாங்கும், நடக்கும்போது அழகாக அசையும். நெய்த கரையே கீழே வருவதால் விளிம்பு தைக்கும் வேலையும் இல்லை.

மரபான கில்டில் பாக்கெட் கிடையாது. முன்னால் தொங்கும் ஸ்போரன் பைதான் அதற்கு ஈடு. நீங்கள் வைப்பதானால் மடிப்புத் துணியில் தைக்காமல், பக்கவாட்டு ஆழ்மடிப்புக்குள் இடுப்புப் பட்டியிலிருந்து தொங்கவிடுங்கள்; பாரம் பட்டியில் இறங்கும், மடிப்பு இழுபடாது. இடுப்பின் உட்புறம் கான்வாஸ் கொடுக்க மறக்க வேண்டாம். வார்களில் உபரித் துளைகள் விட்டால் இரண்டு அங்குலம் வரை உடல் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம். மேல் ஏப்ரன் வலப்பக்கம் முடியும்; அதில் குத்தும் ஊசி அந்த ஒரு துணியை மட்டுமே பிடிக்க வேண்டும். இரண்டு ஏப்ரன்களையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழிந்துவிடும்.