பெத்லகேமுக்கு மேயரான ஆசிரியை: கேள்வி பதில்

கேள்வி: பாலஸ்தீன நகரமான பெத்லகேமில் இன்று முஸ்லிம்களே அதிகம். வேரா பாபூன் என்ற கிறிஸ்தவப் பெண் எப்படி மேயரானார்?

பதில்: மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நகர்மன்றத்துக்கு 15 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள் தங்களில் ஒருவரை மேயராக்குவார்கள். 8 இடம் கிறிஸ்தவர்களுக்கு, 7 முஸ்லிம்களுக்கு. மேயர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பது பாலஸ்தீன அதிபரின் ஆணை. 2012 அக்டோபரில் வேரா பாபூன், ஃபத்தா என்ற பாலஸ்தீனக் கட்சி ஆதரித்த வேட்பாளர் பட்டியலுக்குத் தலைமையேற்று வென்று, நகரின் முதல் பெண் மேயரானார். ஃபத்தாவின் போட்டி இயக்கமான ஹமாஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது.

கேள்வி: அப்படியானால் எட்டுப் பேர் ஒன்றுசேர்ந்தாலே போதுமே?

பதில்: மதத்தை மட்டும் வைத்துக் கூட்டினால் கணக்கு தப்பும். 2005-இல் ஹமாஸ் 5 இடம் பிடித்தது. இடதுசாரிப் பக்கம் நின்ற கிறிஸ்தவ மருத்துவர் விக்டர் பதார்சே ஹமாஸ் ஆதரவோடுதான் மேயரானார். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கட்சியை.

கேள்வி: இலக்கியம் நடத்திய வேரா பாபூனுக்கு நகராட்சி வேலை புரியுமா?

பதில்: பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியதைவிட, பக்கத்து ஊரான பெயித் சாஹூரில் கத்தோலிக்கப் பள்ளி முதல்வராக இருந்ததே பெரிய தகுதி என்பேன். பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இரு தரப்புப் பெற்றோரும் நம்பாவிட்டால் அப்படி ஒரு பள்ளி நடக்காது.

கேள்வி: கிறிஸ்துமஸ் நேரத்தில் மேயருக்கு என்ன வேலை?

பதில்: அங்கே கிறிஸ்துமஸ் மூன்று முறை வரும். கத்தோலிக்கர் டிசம்பர் 24 இரவு, கிரேக்க ஆர்த்தடாக்ஸ், சிரிய, காப்டிக் சபைகள் ஜனவரி 6, ஆர்மீனியர் ஜனவரி 18. ஒவ்வொரு முறையும் எருசலேமிலிருந்து வரும் சபைத் தலைவரை, இயேசு பிறந்த இடத்தில் எழுந்த பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் வரவேற்க வேண்டும். ஒருவருக்குச் செய்த மரியாதை அடுத்தவருக்குக் குறைந்தால் மனத்தாங்கல்தான். சதுக்கத்தின் மறுபக்கம் உமர் மசூதி. 1860-இல் கட்டப்பட்டது, நிலம் தந்தது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை.

பேராலயத்துக்குள் நகராட்சியின் சொல் செல்லாது. ஒட்டோமான் கால 'ஸ்டேட்டஸ் கோ' (இருந்த நிலையே தொடர வேண்டும் என்ற) ஏற்பாட்டின்படி எந்த மூலையை யார் பெருக்குவது என்பதுகூட கத்தோலிக்க, கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனிய ஆகிய மூன்று சபைகளுக்குள் வரையறுத்த உரிமை. 2011 டிசம்பரில் கிரேக்க, ஆர்மீனியத் துறவிகள் துடைப்பத்தோடு மோதிக்கொண்டது இதனால்தான்; போலீஸ் உள்ளே வந்து விலக்கியது. 2013-இல் தொடங்கிய கூரைப் பழுதுபார்ப்பையும் அதிபர் அமைத்த குழுவே நடத்தியது.

கேள்வி: கிறிஸ்தவர்கள் வெளியேறுவது முஸ்லிம்களோடு சண்டையாலா?

பதில்: உரசல்கள் உண்டு. ஆனால் வேலையின்மையும் நிலமின்மையும்தான் முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து. வடக்கே இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவர் நிற்கிறது. பெத்லகேம் மாவட்ட நிலத்தில் 85 சதவீதத்துக்கு மேல் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டிலுள்ள 'சி' பகுதி. அங்கே வீடு கட்ட மேயர் கையெழுத்து போட்டுப் பயனில்லை. கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் மொட்டைமாடித் தொட்டியை நம்பியிருப்பது இரு மதத்தாருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: வேரா பாபூனுக்குப் பிறகு?

பதில்: 2017-இல் வழக்கறிஞர் அன்டன் சல்மான் மேயராக வந்தார். அவரும் கிறிஸ்தவரே.