பம்கார்னர் 0.172 அடித்தது நல்லதா கெட்டதா?

அமெரிக்க பேஸ்பால் பற்றி வாசகர் ஒருவரின் கேள்வி: "மேடிசன் பம்கார்னரின் மொத்த பேட்டிங் ஆவரேஜ் 0.172. லீக் ஆவரேஜ் 0.250 பக்கம் இருக்கிறது. அப்புறம் ஏன் அவரை அடிக்கத் தெரிந்த பிட்சர் என்கிறார்கள்? பழைய காலப் பிட்சர்களோடு அவரை எக்செலில் எப்படி ஒப்பிடுவது?"

பிட்சர் என்றால் பந்து எறிபவர். அடிக்கக் கிடைத்த வாய்ப்பு அட்-பேட், அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்ந்தால் ஹிட், ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் பேட்டிங் ஆவரேஜ். முதலில் அந்த 0.250-ஐத் தள்ளி வையுங்கள். அது தினமும் அடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் கணக்கு. ஐந்து நாளைக்கு ஒருமுறை மட்டையைத் தொட்ட பிட்சரை அதே காலத்துப் பிட்சர்களோடுதான் முதலில் நிறுத்த வேண்டும். 2019-இல் பிட்சர்கள் எல்லோரும் சேர்ந்து அடித்தது 0.128, 2021-இல் வெறும் 0.110. இந்தக் கூட்டத்தில் 0.172-உம் 19 ஹோம் ரன்னும் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) என்றால் தாராளமாக நல்ல கணக்குதான்.

எக்செலில் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி போடுங்கள். அந்த ஆண்டு பிட்சர்களின் ஆவரேஜை இவருடைய அட்-பேட் எண்ணிக்கையால் பெருக்கினால், சராசரிப் பிட்சர் ஒருவர் அதே வாய்ப்புகளில் எத்தனை ஹிட் எடுத்திருப்பார் என்று தெரிந்துவிடும். 2014-ஐப் பாருங்கள்: பம்கார்னர் 66 அட்-பேட்டில் 17 ஹிட், 0.258. அந்த ஆண்டு பிட்சர்கள் 0.12 பக்கம், அதாவது 66-க்கு 8 ஹிட். மொத்த லீக்கும் 0.251, அதன்படி 17 ஹிட். ஆக அந்த ஒரு சீசனில் அவர் முழுநேர பேட்ஸ்மேன் அளவுக்கே அடித்திருக்கிறார், அதுவும் 4 ஹோம் ரன்னோடு, அந்த நான்கில் இரண்டை அடித்தபோது மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள்! இப்படி எல்லா வரிகளிலும் இவருடைய ஹிட், சராசரிப் பிட்சரின் ஹிட், அட்-பேட் மூன்றையும் தனித்தனியே கூட்டி, கடைசியில் ஹிட்களை அட்-பேட்டால் வகுங்கள். ஆண்டு ஆவரேஜ்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் 10 அட்-பேட் சீசனும் 70 அட்-பேட் சீசனும் ஒரே எடை ஆகிவிடும்.

ஒரு சீசனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸாக் கிரெய்ன்கி 2013-இல் 0.328, கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் அது 58 அட்-பேட்டில் 19 ஹிட். நான்கு ஹிட் குறைந்திருந்தால் 0.259. பல ஆண்டு சேர்த்த 0.225-தான் அவருடைய உண்மையான அளவு, பிட்சருக்கு அதுவே அபாரம். தியாக பன்ட் (தான் அவுட்டாகி, பேஸில் நிற்கும் சக வீரரை முன்னேற்ற மெல்லத் தட்டுவது) அட்-பேட்டில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம், பிட்சர்கள் அதை நிறையவே செய்தார்கள்.

பழைய காலப் பிட்சர்களுக்கு வருவோம். வெஸ் ஃபெரல் 1,176 அட்-பேட்டில் 329 ஹிட், 0.280, 38 ஹோம் ரன். பம்கார்னரை விட நூறு புள்ளிக்கு (அதாவது 0.100-க்கு) மேல் அதிகம்தான், ஆனால் 1930-களில் எல்லோருமே அடித்து நொறுக்கினார்கள், 1930-இல் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக் முழுவதன் ஆவரேஜே 0.303. மாறாக பாப் கிப்சன் 0.206, 24 ஹோம் ரன், அவர் காலத்தில் ரன் எடுப்பதே கஷ்டம், 1968-இல் இரண்டு லீக்கும் சேர்த்தே 0.237-தான்.

இந்தக் காலவித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் ஓபிஎஸ் பிளஸ் (பேஸ் சேரும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் சேர்த்த எண்) இருக்கிறது, மைதானத்தையும் கணக்கில் எடுக்கும், 100 என்றால் லீக் சராசரி. அந்தச் சராசரியில் பிட்சர்களின் பேட்டிங்கை விட்டுவிடுவார்கள், மிக மோசமாக அடித்தால் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும், அதனால் பிட்சருக்கு மைனஸில் எண் வந்தால் ஃபார்முலா தப்பு என்று நினைக்காதீர்கள். ஃபெரலுக்கு அது சரியாக 100. என்னைக் கேட்டால் பிட்சர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

2022 முதல் இரண்டு லீக்கிலும் பிட்சருக்குப் பதில் டிஹெச் (அடிப்பதற்கென்றே இறக்கப்படும் ஆட்டக்காரர்) அடிக்கிறார், ஆகவே உங்கள் அட்டவணையை 2021-ஓடு நிறுத்துங்கள். 2020-இலும் டிஹெச்தான், அந்த வரி வேண்டாம். பிட்சராகவும் பேட்ஸ்மேனாகவும் ஆடும் ஷோஹெய் ஓடானி பெரும்பாலும் டிஹெச்சாக அடித்தவர், அந்த ஹிட்களைப் பிட்சர் கணக்கில் சேர்த்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.